மூக்குத் தண்டு எங்கே வளைகிறது?

இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் உங்கள் மூக்கின் இரு துளைகளிலும் ஒரே அளவு காற்று போய்க்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. சந்தேகமாக இருந்தால் ஒரு பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மூச்சை இழுத்துப் பாருங்கள். பிறகு பக்கம் மாற்றிப் பாருங்கள். ஒன்று தாராளமாக இருக்கும், மற்றது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்தால் பலருக்கு நிலைமை தலைகீழாகியிருக்கும்.

சித்தர் மரபுக்கு இது பழைய செய்தி. வலது துளையில் ஓடுவது சூரியகலை, இடது துளையில் ஓடுவது சந்திரகலை; எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று கவனிப்பதற்குச் 'சரம் பார்த்தல்' என்று பெயர். அதை வைத்துப் போகிற காரியம் கைகூடுமா என்று பலன் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் மூச்சு பக்கம் மாறி ஓடுகிறது என்ற கவனிப்பில் தப்பே இல்லை. ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதையே மருத்துவ உலகில் பதிவு செய்தார். மூக்கின் பக்கச் சுவர்களில் 'டர்பினேட்' என்று மருத்துவர்கள் சொல்லும் மடிப்புகள் உண்டு. உள்ளே மெல்லிய எலும்பு, மேலே ரத்தம் நிறைந்து வீங்கக்கூடிய சவ்வு. ஒரு பக்கத்து மடிப்பு வீங்கும்போது மறுபக்கத்து மடிப்பு சுருங்கும். இரண்டையும் கூட்டினால் மொத்தக் காற்றோட்டம் ஏறத்தாழ மாறாமல் இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இப்படி மணிக்கு மணி மாறும் பாதையின் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. அதைத்தான் மூக்குத் தண்டு என்கிறோம். அது நேராக நிற்கும் என்பது பாடப் புத்தகப் படத்தின் கற்பனை. லண்டனில் தொண்டை மருத்துவத்துக்குப் பேர்போன மொரெல் மெக்கன்சி, 1880களில் அங்குள்ள ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்தார். முக்கால்வாசிக்கும் மேல் கோணல். 2008இல் குரோஷியாவின் ரான்கோ மிளாடினா பல நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து, 14 நாடுகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்த 2,589 பேரைப் பார்த்து வெளியிட்ட கணக்கில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஏதோ ஒரு வகைக் கோணல் இருந்தது. ஆக, வளைந்த தண்டு நோய் அல்ல. நேரான தண்டுதான் அபூர்வம்.

ஆத்தூர், சித்தையன்கோட்டை, செம்பட்டிப் பக்கத்திலிருந்து மூக்கடைப்போடு திண்டுக்கல்லுக்கு வருகிறவர், அது 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையாக இருந்தாலும் தனியார் கிளினிக்காக இருந்தாலும், வீடு திரும்பும்போது சீட்டில் பெரும்பாலும் மூன்று எழுத்து இருக்கும்: டி.என்.எஸ். தண்டு வளைந்திருக்கிறது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். வரும்போது அவர் சொன்னது வேறாக இருந்திருக்கும். "சைனஸ் இருக்குங்க", அல்லது "மூக்குல சதை வளந்துருக்குன்னு சொன்னாக". இந்தச் 'சதை' ஒரு பொதுப் பெயர். வீங்கிய டர்பினேட், பாலிப், தண்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு முள் எல்லாம் அதற்குள் அடங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக உருண்டு தெரியும் டர்பினேட், ஆரோக்கியமான மூக்கிலும் 'சதை' போலத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் அநேகம்.

அடைப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த நிலையான பங்கு. மற்றது சவ்வு வீங்குவதால் வரும் மாறும் பங்கு. திண்டுக்கல் வட்டார நூற்பாலையில் வேலை பார்ப்பவருக்குப் பஞ்சுத் தூசி சவ்வை வீங்க வைக்கலாம். வெங்காய மண்டியின் தூசியும், இந்த ஊருக்குப் பழக்கமான புகையிலையும் மூக்குப்பொடியும் சவ்வை உறுத்தலாம். எந்தத் தூசியும் தண்டை வளைக்காது. ஆனால் ஏற்கெனவே வளைந்து நிற்கும் இடத்தில் சவ்வும் வீங்கிவிட்டால், இத்தனை நாள் தொந்தரவு தராத கோணல் தொந்தரவு தரத் தொடங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, சவ்வைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டுச் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி பார்ப்பது. அடைப்பு விட்டுப்போனால் சவ்வு காரணம். போகாமல் நின்றால் சுவர் காரணம். (இந்தச் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு வாரத்தைத் தாண்டினால் மருந்து தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்காக மறுபடி மருந்து, மறுபடி அடைப்பு. பிறகு அந்த மருந்தே நோயாகிவிடும்.)

தண்டு ஏன் வளைகிறது? அது ஒரே பலகை அல்ல. முன்பக்கம் நாற்கோணக் குருத்தெலும்பு. பின்னால் மேலே எத்மாய்டு எலும்பின் மெல்லிய தகடு. கீழே ஏர்க்கொழு போன்ற வோமர் எலும்பு. அடியில் மேல்தாடையின் வரப்பு. நான்கும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்து ஓரங்களில் ஒட்டிக்கொள்பவை. குழந்தைப் பருவத்தில் குருத்தெலும்பு வளரத் துடிக்கும்போது சுற்றியுள்ள எலும்புச் சட்டம் இடம் கொடுக்காவிட்டால் அது ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். பிரசவத்தில் பட்ட அழுத்தம், தவழும் வயதில் விழுந்த விழுகை, பந்து பட்ட அடி எல்லாம் அன்று சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கும். வளர வளரக் கோணலும் கூடவே வளர்ந்திருக்கும்.

குழந்தையின் மூக்கில் அடிபட்டு, இரு துளைகளும் அடைத்து, தண்டின் பக்கத்தில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய உறையிலிருந்துதான் அதற்கு உணவு வருகிறது. இடையில் ரத்தம் தேங்கி உறையைப் பிரித்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு செத்துப்போகும், மூக்கின் பாலம் உள்வாங்கிவிடும். அன்றைக்கே ரத்தத்தை வெளியேற்றினால் தப்பலாம்.

இனி அளவுக்கு வருவோம். மூக்கை அளப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு நீலகிரி முதல் வயநாடு வரை மூக்குகளை அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'நாசிக் குறியீடு'. 70க்குக் கீழ் ஒடுங்கிய மூக்கு, 85க்கு மேல் அகன்ற மூக்கு, இடையில் நடுத்தரம். அவருடைய சமகாலத்தவரான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சமூகப் படியில் இறங்குவதாக ஒரு விதியே வகுத்துவிட்டார். பணியர் பெண்களோ, தங்களில் சிறந்தவர்களைத் தேர்ந்து பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று தர்ஸ்டனைக் கண்டு மிரண்டார்களாம். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். இத்தனை அளவுகளிலும் அந்த மூக்குகள் எப்படி மூச்சு விட்டன என்பதற்கு ஒரு எண்கூட இல்லை. வெளியே அளந்து தரம் பிரித்தார்கள், உள்ளே யாரும் பார்க்கவில்லை.

உள்ளே பார்த்தவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் மாரிஸ் காட்டில். அவர் மூக்கின் உட்பகுதியை முன்னிருந்து பின்னாக ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். அவற்றில் இரண்டாவது பகுதிதான் வில்லங்கமானது. துளை விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, தண்டும் பக்கக் குருத்தெலும்பும் கூர்மையாகச் சந்திக்கும் இடுக்கு. 'வால்வு' என்பார்கள். ஒடுங்கிய மூக்குகளில் அந்தக் கோணம் 10 முதல் 15 டிகிரிதான். மூக்கு நுனியிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் இதைவிடக் குறுகலான இடம் வேறு இல்லை. மூச்சுப் பாதை முழுவதும் காற்று சந்திக்கும் தடையில் ஏறத்தாழ பாதி மூக்கிலேயே இருக்கிறது. அதில் பெரும்பங்கு இந்த இடுக்கில்.

ஆத்தூர்ப் பக்கம் பாசனம் தெரிந்தவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. காமராஜர் அணையில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வயலுக்குப் போவது மடைவாயின் அளவுக்குத்தான். மடைவாயில் ஒரு கல் விழுந்தால் வயல் காயும். அதே கல் அகலமான வாய்க்காலின் நடுவில் கிடந்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குத் தந்தார்: சீராக ஓடும் வட்டக் குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால் தடை இரண்டு மடங்கு கூடுவதில்லை, 16 மடங்கு கூடும். மூக்கு வட்டக் குழாயும் அல்ல, அதில் காற்று சீராக ஓடுவதும் இல்லை. ஆனாலும் குறுகிய இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இருக்கும் விலை அகன்ற இடத்தில் இருக்காது. ஆகவே தண்டு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது கால் கேள்வி. எங்கே வளைந்திருக்கிறது என்பதுதான் முக்கால் கேள்வி.

மிளாடினா 1987இல் வெளியிட்ட வகைப்பாடு இதைப் பிடித்துக்கொண்டதால்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் டிகிரி பார்க்கவில்லை. வளைவின் இடத்தையும் திசையையும் பார்த்தார். வால்வுப் பக்கமாகச் செங்குத்தாகப் புடைத்தும் வால்வைத் தொடாமல் நிற்பது முதல் வகை. அதே புடைப்பு வால்வைத் தொட்டு இடுக்கை அடைத்துவிட்டால் இரண்டாவது வகை. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர். ஒருவர் ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போவார், மற்றவர் இரவெல்லாம் வாயால் மூச்சு விடுவார். புடைப்பு இன்னும் உள்ளே தள்ளி, நடு டர்பினேட்டின் முனைக்கு எதிரே இருந்தால் மூன்றாவது. 14 நாட்டுக் கணக்கில் அதிகம் தென்பட்டது இதுதான். முன்னால் ஒரு பக்கம், பின்னால் மறுபக்கம் என்று நெளிந்து போவது நான்காவது. நம் மருத்துவர்கள் 'எஸ் வளைவு' என்று எழுதுவது இதைத்தான். ஐந்தாவது கிடைமட்டமானது: தண்டின் அடியிலிருந்து முள் போலப் பக்கவாட்டில் நீண்டு, சில வேளை டர்பினேட்டைக் குத்திக்கொண்டே நிற்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மூச்சு பெரும்பாலும் அதன் மேலாகப் போய்விடும். ஆறாவதில் தண்டின் அடிப்புறம் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு. ஐந்தும் ஆறும் குடும்ப வழியில் வருபவை, முதல் நான்கு அடிபட்டதால் வருபவை என்று அவர் கருதினார். ஏழாவது வகை, மேலே சொன்னவற்றின் கலவை. வகை பிரிக்க உட்காரும் எல்லோருக்கும் கடைசியில் 'இதர' என்று ஒரு பெட்டி தேவைப்படத்தான் செய்கிறது.

எண் வேண்டும் என்பவர்களுக்கு சி.டி. ஸ்கேன் இருக்கிறது. முகத்தை நேராக வெட்டிய படத்தில், மண்டையின் அடித்தளத்திலிருந்து சேவல் கொண்டை போல எழும்பும் எலும்பு முகட்டிலிருந்து மேல்தாடை வரப்புக்கு ஒரு கோடு. அதே முகட்டிலிருந்து தண்டு அதிகம் புடைத்த புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம்தான் வளைவின் அளவு. 9 டிகிரிக்குள் லேசானது, 15க்கு மேல் கடுமையானது என்பது பலர் பின்பற்றும் பிரிப்பு. பள்ளிக்கூடப் பாகைமானி வைத்திருப்பவரும் அளந்துவிடலாம். ஆனால் முன்பக்கக் குருத்தெலும்பில், சரியாக வால்வு இருக்கும் இடத்தில், உள்ள கோணலை இந்தப் படம் அத்தனை நன்றாகக் காட்டுவதில்லை. எலும்புப் பகுதியின் கோணலைத்தான் துல்லியமாகக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, ஸ்கேன் எடுத்த நிமிடத்தில் எந்தப் பக்க டர்பினேட் வீங்கியிருந்தது என்பதும் படத்தில் கலந்துவிடும். 20 டிகிரிக்காரர் சும்மா இருக்க, 8 டிகிரிக்காரர் திணறுவது இதனால்தான்.

படத்தை விட்டுக் காற்றையே அளப்போம் என்று கிளம்பியவர்களின் கருவிகள் சுவாரசியமானவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் ஸ்வார்டெமாக்கர் மூக்கின் கீழே குளிர்ந்த உலோகக் கண்ணாடியைப் பிடித்தார். மூச்சு பட்டு இரண்டு ஆவித் திட்டுகள் படிந்தன. சின்னத் திட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அடைப்பு. நம் அரசு மருத்துவமனைகளில் நாக்கை அழுத்தும் உலோகத் தகட்டைத் திருப்பிப் பிடித்து இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். செலவு ஒரு பைசா இல்லை. 1989இல் டென்மார்க்கின் ஓலே ஹில்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் மூக்குக்குள் ஒலித் துடிப்பை அனுப்பினார்கள். திரும்பி வரும் எதிரொலியைக் கணினியில் கணக்கிட்டால், துளையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் பாதை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வரைபடமே கிடைக்கும். அதில் முதல் பள்ளம் பெரும்பாலும் வால்வுப் பகுதியில்தான் விழும். ரைனோமேனோமெட்ரி என்ற இன்னொரு சோதனையில் முகமூடி போட்டு மூச்சு விடச் சொல்லி, குறிப்பிட்ட அழுத்தத்தில், வழக்கமாக 150 பாஸ்கலில், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காற்று போகிறது என்று பார்ப்பார்கள். சரம் மாறுவதால் அளவு ஏமாற்றிவிடக் கூடாது என்று சொட்டு மருந்துக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம் எடுப்பதும் உண்டு.

இவ்வளவு செய்தும் கருவி சொல்வதும் நோயாளி சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இதுதான் இந்தத் துறையின் உண்மையான அதிசயம். கொடைக்கானலுக்குப் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் யூகலிப்டஸ் தைலத்தைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பாருங்கள். மூக்கு 'திறந்துவிட்டது' என்று சத்தியம் செய்வீர்கள். பிரிட்டனில் கார்டிஃபின் ரொனால்டு எக்கில்ஸ் 1980களில் மெந்தாலைக் கொடுத்து அளந்து பார்த்தார். ஆட்கள் தாராளமாக மூச்சு வருகிறது என்றார்கள். கருவி காட்டிய தடை அப்படியேதான் இருந்தது. மூக்கில் காற்றின் அளவை அறியும் உறுப்பே இல்லை. உள்ளே போகும் காற்று சவ்வைக் குளிர வைப்பதை நரம்பு முனைகள் உணர்கின்றன. மூளை அந்தக் குளிர்ச்சியைத்தான் 'காற்று வருகிறது' என்று படிக்கிறது. மெந்தால் அதே நரம்பு முனையைப் பொய்யாகத் தூண்டுகிறது. டி.ஆர்.பி.எம்.8 என்ற இந்தக் குளிர் உணரியை டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக, மெந்தாலையே துப்பாக வைத்து, 2002இல் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு. யூகலிப்டஸ் தைலத்தில் உள்ள சினியோலும் இதே உணரியைத் தொடும்.

இன்னொரு விநோதம். தண்டு இடப்பக்கம் வளைந்து அந்தப் பக்கத்தை அடைத்திருக்கும். நோயாளியோ வலப்பக்கம்தான் அடைக்கிறது என்பார். மருத்துவர் குழம்புவார், கூட வந்தவர் டாக்டருக்கே தெரியவில்லை என்பார். காரணம் இது: சிறு வயதிலிருந்தே அடைத்த பக்கம் அவருக்குப் பழகிப்போய்விட்டது. மூச்சு முழுக்க வலப்பக்கத்தை நம்பியிருக்கிறது. சரம் மாறி வலப்பக்க டர்பினேட் வீங்கும் நேரத்தில் இருந்த ஒரே வழியும் அடைபடுகிறது. அதுதான் அவருக்கு உறைக்கிறது. போதாததற்கு, வளைவு விட்டுவைத்த காலி இடத்தில் அந்த டர்பினேட் வருடக்கணக்கில் பெருத்தும் இருக்கும்.

அதனால்தான் 2004இல் மைக்கேல் ஸ்டூவர்ட் குழுவினர் கருவிகளை ஒதுக்கிவிட்டு ஐந்து கேள்விகளைத் தயாரித்தார்கள். கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்து இருந்ததா, அடைத்ததா, அதனால் மூச்சு விடச் சிரமமா, தூக்கம் கெட்டதா, உழைக்கும்போது மூக்கு வழி மூச்சு போதவில்லையா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். அறிவியலுக்கு இது ஒரு படி இறக்கம் போலத் தோன்றலாம். என் பார்வையில் ஏற்றம்தான்: மூச்சு விடுகிறவரைக் கேட்பதும் ஓர் அளவீடு என்று ஒப்புக்கொண்டார்கள்.

அறுவையிலும் இதே பாடம் நடந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரீர், கில்லியன் ஆகியோர் வழியில் சவ்வை உரித்துக் குருத்தெலும்பின் பெரும் பகுதியை வெட்டி எடுப்பது வழக்கமாயிற்று. தடை போனது, சிலருக்கு மூக்கே அமுங்கிப்போனது, சிலருக்குத் தண்டில் ஓட்டை விழுந்தது. காட்டில் காலத்திலிருந்து வந்த செப்டோபிளாஸ்டி, தொந்தரவு தரும் இடத்தை மட்டும் சரிசெய்து மற்றதை விட்டுவைப்பது. எந்த இடம் என்று தெரிந்தால்தான் இது நடக்கும்.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்பதற்குச் சமீபத்தில்தான் கெட்டியான சான்று கிடைத்தது. நெதர்லாந்தில் 203 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்தது. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேருக்குக் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு உப்புநீர்த் தெளிப்பும் ஸ்டீராய்டு தெளிப்பும் கொடுத்துப் பார்த்தது 2023இல் வந்தது. இரண்டிலும் அறுவை செய்துகொண்டவர்களுக்கே நிம்மதி அதிகம். பிரிட்டன் ஆய்வில் ஒன்றைக் கவனியுங்கள்: சேருவதற்கு இத்தனை டிகிரி வளைவு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தண்டு வளைந்திருக்க வேண்டும், மேலே சொன்ன ஐந்து கேள்வியில் குறைந்தது 30 மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தலைவலிக்கென்று எடுத்த ஸ்கேனில் தற்செயலாக டி.என்.எஸ். என்று எழுதி வந்தால் கலங்க வேண்டாம். உங்களுக்கு மூச்சு நன்றாக வருகிறது என்றால் அந்தத் தண்டை அப்படியே விட்டுவிடலாம். மூச்சு வரவில்லை என்றால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வளைவு வால்வில் இருக்கிறதா, அதற்குப் பின்னாலா? சொட்டு மருந்து விட்ட பிறகும் அடைப்பு நிற்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும் முன்பு அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம்.